ஒரு பக்கம் சாயும் ஒலி

இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்ற புகார் வழக்கமாக இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று செல்போன் கடை, இன்னொன்று காது மூக்கு தொண்டை மருத்துவரின் கிளினிக். கடைக்காரர் புது இயர்போனை எடுத்து நீட்டுவார். மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார். இரண்டு காதும் 'நார்மல்' என்று வந்துவிட்டால் விஷயம் அங்கே முடிந்துவிடும்; ஒலி மட்டும் பழையபடி ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். பாட்டைப் பதிவு செய்த விதம், கருவி, காது, மூளை என்று நான்கு காரணங்கள் இதற்குச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததைக் கைகாட்டுவதால், நான்கையும் சேர்த்துப் பார்க்கிற வேலை கேட்பவர் தலையிலேயே விழுகிறது.

இயர்போனில் மட்டும் இது ஏன் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும்போது இடப்பக்கத்து ஒலி வலக்காதுக்கும் போகிறது, வலப்பக்கத்து ஒலி இடக்காதுக்கும் வருகிறது. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவது வேறு. தலையைச் சற்றுத் திருப்பினாலே இரண்டு காதுக்கும் போகும் அளவு மாறிவிடும். இப்படிக் கலந்துகட்டி வருவதால் காதுகளுக்கு இடையிலுள்ள சிறு ஏற்றத்தாழ்வு தெரியாமலே கிடக்கும். இயர்போன் இந்தக் கலப்பை அறுத்துவிடுகிறது. இடத் தடம் இடக்காதுக்கு, வலத் தடம் வலக்காதுக்கு, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்புகிறது. 'இந்த இயர்போன் வாங்கியதிலிருந்துதான் இப்படி' என்று சொல்கிறவரின் காதில் அந்த வேறுபாடு பல வருடங்களாகவே இருந்திருக்கலாம்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதன் எப்படி அறிகிறான் என்ற கேள்விக்கு 1907-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு சொன்ன விடை இன்றும் பெருமளவு நிற்கிறது. தாழ்ந்த சுருதிகளில், ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் திசையைச் சொல்கிறது. உயர்ந்த சுருதிகளில், குறுக்கே தலை மறைப்பதால் உண்டாகும் அளவு வித்தியாசம் சொல்கிறது. நேர்ப் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்குக்கூட அந்த நேர வித்தியாசம் ஒரு விநாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஆறேழு பங்குதான். கூர்ந்து கேட்கப் பழகியவர்கள் அதிலும் மிகச் சிறிய துணுக்கை, சுமார் 10 மைக்ரோ விநாடியைப் பிரித்தறிகிறார்கள். சத்தத்தின் அளவு என்று வந்தால், இரு பக்கத்துக்கும் 1 டெசிபல் அளவு வித்தியாசம் இருந்தாலே தலையின் நடுவில் நிற்க வேண்டிய குரல் லேசாக நகர்ந்துவிடும். 15, 20 டெசிபல் ஆகிவிட்டால் ஒலி முழுக்க ஒரே காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை நுட்பமான புலனை அளக்க நம்மிடம் இருப்பது ஆடியோகிராம். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை சில குறிப்பிட்ட சுருதிகளை எடுத்துக்கொண்டு, காதுக்கு மங்கலாகக் கேட்கத் தொடங்கும் எல்லையை 5 டெசிபல் படிகளில் தேடும் சோதனை அது. அதே காதை மறுநாள் சோதித்தால் 5 டெசிபல் கூடக்குறைய வருவது சகஜம். அதனால் இரண்டு காதுக்கும் 5, 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்தடுத்த சுருதிகளில் 15 அல்லது 20 டெசிபல் வித்தியாசம் வந்தால்தான் மேல் விசாரணை. ஆக, 1 டெசிபலை உணர்கிற புலனை 5 டெசிபல் படியில் அளந்துகொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, மிக மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதுதான் அந்தச் சோதனையின் கேள்வி. வசதியான சத்தத்தில் இரண்டு காதும் சமமாக இருக்கின்றனவா என்பது கேட்பவரின் கேள்வி. நோயாளி சொல்வதும் உண்மை, அறிக்கை சொல்வதும் உண்மை. 'உங்களுக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் அது மட்டும் உண்மையில்லை.

முதலில் பாட்டையே சந்தேகிக்க வேண்டும். ஸ்டீரியோ என்ற ஏற்பாடே இரண்டு காதுக்கும் வெவ்வேறு ஒலியைக் கொடுப்பதற்காக வந்தது. 1931-இல் லண்டனில் ஆலன் பிளம்லைன் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் இசைத்தட்டுகளில் அது பரவியபோது, இதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆரம்பத்தில் பலருக்குப் பிடிபடவில்லை. பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1963-இல் வந்தபோது அதன் ஸ்டீரியோ வடிவத்தில் வாத்தியங்கள் ஒரு பக்கமும் குரல்கள் மறு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தன. இரண்டே தடங்களில் பதிவு செய்ததன் விளைவு அது. ஸ்பீக்கரில் ஒப்பேறிய அந்தப் பிரிவினை, இயர்போனில் கேட்டால் ஒரு காது அடைத்துக்கொண்டது போலிருக்கும். தமிழில் ஸ்டீரியோ பதிவு 1978-இல் இளையராஜா இசையமைத்த 'ப்ரியா'வோடு தொடங்கியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு வந்த பாடல்களில் கிதார் ஒரு பக்கமும் வயலின்கள் மறு பக்கமும் வேண்டுமென்றேதான் வைக்கப்பட்டிருக்கும். அதைக் குறை என்று நினைத்துக் காதைக் குடைந்துகொள்ளக் கூடாது.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. 1950களின், 60களின் திரைப்பாடல்கள் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே ஒலி. இயர்போனில் அப்படியொரு பாட்டைப் போட்டால் குரல் இரு புருவங்களுக்கும் நடுவே, தலைக்குள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பாட்டின் மேல் பழியில்லை. (பிற்காலத்தில் எதிரொலி சேர்த்து 'டிஜிட்டல் ஸ்டீரியோ' என்று வெளியிட்ட பதிப்புகளை இதற்கு நம்ப முடியாது. அவற்றைச் செய்தவர்களுக்குப் பழைய பாட்டின் மேல் என்ன கோபமோ.) அல்லது போனின் அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பிரிவில் இருக்கும் 'மோனோ ஆடியோ'வை இயக்கினால் எந்தப் பாட்டும் மோனோ ஆகிவிடும். அதே பக்கத்தில்தான் இட வல பேலன்ஸ் பட்டையும் இருக்கிறது. அது தெரியாமல் கைபட்டு நகர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது கருவி. இதைத் தீர்க்கும் சோதனைக்குச் செலவே இல்லை: இயர்போனை மாற்றி மாட்டுவது. இடது என்று எழுதியதை வலக்காதில், வலது என்று எழுதியதை இடக்காதில். குறைந்த சத்தம் மறுகாதுக்குப் போய்விட்டால் கோளாறு கருவியில். அதே காதிலேயே தங்கிவிட்டால் கோளாறு காதில். வயரில்லாத இயர்பட்களை ஒவ்வொரு காதின் வடிவத்துக்கும் வார்த்திருப்பதால் மாற்றிச் செருகினால் சரியாக உட்காராது. அவற்றை வைத்திருப்பவர்கள் யாரிடமாவது தலையில் மாட்டும் ஹெட்போனை வாங்கித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கடையிலும் கிளினிக்கிலும் முதல் கேள்வியாக இதைக் கேட்டாலே பாதிப் புகார்கள் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன்.

கருவியின் கோளாறுகளில் முதலிடம் மின்னணுவுக்கு இல்லை, காதழுக்குக்கு. இயர்பட் வாயிலுள்ள சல்லடை வலையில் குறும்பி படிந்து இறுகினால் சத்தம் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு பக்கம் மற்றதைவிட முந்திக்கொள்ளும். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாலே தெரியும். உலர்ந்த மென்மையான பிரஷால் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் பல நேரம் போதும். அடுத்தது பொருத்தம். காதுக்குள் செருகும் இயர்போன் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டால்தான் தாழ்ந்த சுருதிகள் கேட்கும். சிறு இடைவெளி இருந்தால் டிரம்ஸும் பேஸும் கசிந்துபோய், அந்தப் பக்கமே சத்தம் குறைந்ததாகத் தோன்றும். ஒரே ஆளின் இரண்டு காதுக் குழாய்களும் அளவிலும் வளைவிலும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் பெட்டியில் வரும் ரப்பர் முனைகளில் ஒரு காதுக்கு நடுத்தரமும் மறுகாதுக்குப் பெரியதும் போட்டுக்கொள்ளலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. குறைவாகக் கேட்கும் பக்கத்தை விரலால் லேசாக அழுத்தும்போது பேஸ் திரும்பி வந்தால் பிரச்சினை ரப்பர் முனையில்தான்.

வயர் இயர்போனின் 3.5 மில்லிமீட்டர் முள்ளில் நுனி இடக்காதுக்கு, அடுத்த வளையம் வலக்காதுக்கு. அடிப்பகுதியிலுள்ள பொது இணைப்பு அறுந்துபோனால் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு தடங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வரும், நடுவில் நிற்கும் பாடகர் காணாமல் போய்விடுவார். வாத்தியமும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். பாட்டு கரோக்கி ஆகிவிட்டால் சந்தேகிக்க வேண்டியது முள்ளை.

கருவியும் காதும் ஒரே வேஷம் போடும் இடம் ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் மங்குகிறது, கூட்டினால் இரண்டும் சமமாகிவிடுகிறது என்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் திருகும் பழைய வகை வால்யூம் குமிழுக்குள் இரண்டு தடங்களுக்கும் தனித்தனி மின்தடைப் பட்டைகள் ஒரே தண்டில் சுழல்கின்றன. குமிழின் ஆரம்ப இடத்தில் அவை இரண்டும் ஒத்துப்போவதில்லை, மேலே போகப்போகச் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கோளாறு இப்படித்தான் ஒலிக்கும். உட்காதின் காக்ளியாவிலுள்ள மயிர்ச் செல்கள் பழுதானாலும் இதே அனுபவம்தான். பழுதான காது மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். ஆனால் சத்தம் கூடும்போது அந்தக் காதில் சத்த உணர்வு இயல்பை மீறி வேகமாக ஏறி, ஓரிடத்தில் நல்ல காதை எட்டிப் பிடித்துவிடும். இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் வால்யூமைக் கூட்டிவிட்டு, 'இப்போது சரியாகிவிட்டது' என்று திருப்தியாக இருந்துவிடுவார். மாற்றி மாட்டும் சோதனை இங்கேதான் அதிகம் தேவை, அதையும் குறைந்த சத்தத்தில் செய்ய வேண்டும்.

காதில்தான் குறை என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, ஒலி போகும் வழியில் அடைப்பா, ஒலியை உணரும் இடத்தில் பழுதா என்பது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் 1834-இல் விவரித்த ஒரு விந்தை இதற்கு இன்றும் உதவுகிறது. அதிரும் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்தால், வழியில் அடைப்புள்ளவருக்கு ஒலி குறையுள்ள காதில்தான் பலமாகக் கேட்கும். உட்காதில் பழுதுள்ளவருக்கு நல்ல காதில் கேட்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இப்போதும் 512 ஹெர்ட்ஸ் கவையை வைத்து இதைச் செய்கிறார்கள். வீட்டில் வாயை மூடி 'ம்…' என்று முனகினாலும் ஏறக்குறைய இதே குறிப்பு கிடைக்கும். ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு முனகினால் அடைத்த பக்கமே ஒலி அதிரும், அதே தத்துவம். மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்பதற்கு ஒரு அறிகுறி.

அடைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது குறும்பி. காதுத் தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் குறும்பி தானாக வெளியே வந்துவிடும் ஏற்பாடு இயற்கையிலேயே உண்டு. ஹேர்பின், தீக்குச்சி, பஞ்சு வைத்த பட்ஸ் எல்லாம் அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகின்றன. நாள் முழுக்க மாட்டியிருக்கும் இயர்பட்டும் அந்த வழியை மறிக்கிறது. குழாயில் மெல்லிய இடைவெளி இருக்கும்வரை கேட்பதில் பெரிய மாற்றம் தெரியாது. ஒருநாள் தலைக்குக் குளித்ததும் தண்ணீரில் ஊறி முழுக்க அடைத்துக்கொள்ளும், 'திடீரென்று காது போச்சு' என்று ஓடி வருவார்கள். சளி பிடித்தபோது தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் அடைத்துக்கொள்வது, சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுவது, நடுச்செவியின் அங்கவடி எலும்பு இறுகிப்போவது என்று வழியடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுவயதில் காதில் சீழ் வடிந்து, வைத்தியம் பாராமல் விட்ட ஒரு காதோடு வளர்ந்தவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் அந்தக் காதில் எண்ணெய் காய்ச்சி விடுவதை மட்டும் செய்யக் கூடாது.

உட்காதின் கதை வேறு. ஒரு காதை மட்டும் தாக்கும் காரணங்களில் பொன்னுக்கு வீங்கிக்கு முக்கிய இடம் உண்டு. அந்த வைரஸ் அபூர்வமாகக் காக்ளியாவைத் தாக்கும்போது பெரும்பாலும் ஒரு காதோடு நிறுத்திக்கொள்ளும். சின்னப் பிள்ளை சொல்லத் தெரியாமல் விட்டுவிடும், மறுகாதை வைத்துச் சமாளித்தும்விடும். வளர்ந்து முதன்முதலாக இயர்போன் மாட்டும் நாளில்தான் ஒரு பக்கம் மௌனமாக இருப்பது தெரியவரும். சத்தத்தால் வரும் சேதம் வழக்கமாக இரண்டு காதையும் சேர்த்தே தாக்கும் என்றாலும் சில தொழில்களில் பாரபட்சம் உண்டு. வலத் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவருக்கு இடக்காது குழல் வாய்க்கு அருகில் இருக்கிறது, வலக்காதைத் தலை மறைத்துக்கொள்கிறது. வயலினைத் தாடைக்கடியில் வைத்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கலைஞருக்கும் இடக்காதுதான் நெருக்கம். காதிரைச்சல், தலைச்சுற்றல், அடைத்தது போன்ற உணர்வோடு ஏறியிறங்கும் கேள்திறன் இருந்தால், 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் விவரித்த நோயை நினைக்க வேண்டும். ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மங்கி, அதே காதில் இரைச்சலும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். செவி நரம்புப் பக்கம் மெதுவாக வளரும், புற்றுநோயல்லாத கட்டி ஒன்று அபூர்வமாக இப்படித்தான் தலைகாட்டும்.

அவசரம் ஒன்றே ஒன்றில்தான், ஆனால் அது உண்மையான அவசரம். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளிலாவது 30 டெசிபல் அளவுக்கு ஒரு காது இறங்கிவிட்டால் அதைத் திடீர் செவிநரம்புக் குறைபாடு என்கிறார்கள். காலையில் எழுந்ததும் தெரியலாம், போனை அந்தக் காதில் வைக்கும்போது தெரியலாம், இயர்போன் மாட்டும்போது தெரியலாம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஸ்டீராய்டு மருந்துதான் வழக்கமான சிகிச்சை, முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலனுக்கு வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு வாரத்தை நம் ஆட்கள் 'சளியாக இருக்கும்', 'அழுக்காக இருக்கும்' என்று சொட்டு மருந்தில் கழித்துவிடுகிறார்கள். திடீரென்று மங்கிய காது, முனகினால் நல்ல பக்கம் ஒலிக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூளையின் பங்கைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது, என் பார்வையில் தேவைக்கு மேலேயே பேசப்படுகிறது. 1961-இல் கனடாவில் டோரீன் கிமுரா இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களை ஒலிக்கவிட்டுச் சோதித்தார். வலக்காதில் விழுந்த சொற்களைப் பெரும்பாலோர் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். பிறகு மெட்டுகளை வைத்துச் செய்தபோது இடக்காது முந்தியது. இதை வைத்துக்கொண்டு 'வலக்காது பேச்சுக்கு, இடக்காது இசைக்கு' என்று பத்திரிகைத் துணுக்குகள் பெருகின. அந்தச் சோதனைகள் அளந்தது எந்தக் காதில் விழுந்ததை மனிதன் சரியாக அறிகிறான் என்பதை. எந்தக் காதில் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது என்பதை அல்ல. இயர்போனில் ஒரு பக்கம் மங்குவதற்கு இதைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

ஒரு காதுக் குறையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கதை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி செவித்திறன் குறைந்தவர் என்றால் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது முழுக்கப் போனாலும், மறுகாது நன்றாக இருந்தால் அவர் அந்த வரையறைக்கு வெளியே. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஒரு காது இழப்புக்கென்று தனி வகை உண்டு: நல்ல காதில் 20 டெசிபலுக்குக் குறைவு, மோசமான காதில் 35 அல்லது அதற்கு மேல். அமெரிக்காவில் ஃப்ரெட் பெஸ் 1980களில் செய்த ஆய்வில் ஒரு காதில் மட்டும் குறையுள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வகுப்பாவது திரும்பப் படித்திருந்தார்கள். வகுப்பறை இரைச்சலில் ஆசிரியரின் குரலைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் ஒரு காதோடு பெரிய காரியங்கள் செய்தவர்கள் உண்டு. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனுக்கு வலக்காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. 1966-இல் அவர் உருவாக்கிய 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் மோனோவில்தான் வெளிவந்தது. ஒரு காதில் கேட்காதவருக்கு 'மோனோ ஆடியோ' அமைப்பு ஒரு வசதி என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். அது இல்லையென்றால் பாதிப் பாட்டு அவருக்குக் கிடையாது.

குறையுள்ள காதுக்காக மொத்த வால்யூமையும் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது, அதில்தான் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். மங்கிய காதைத் திருப்திப்படுத்த 6 டெசிபல் ஏற்றினால் நல்ல காதின் 40 மணி நேரம் 10 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இருக்கிற ஒரு நல்ல காதையும் சேர்த்துக் கெடுக்கும் வழி அது. பேலன்ஸ் பட்டையை நகர்த்துவது இதைவிட மேல் என்றாலும், காரணம் தெரியுமுன் நகர்த்திவிட்டு மறந்துபோவதில் வேறு சிக்கல் இருக்கிறது. குறை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனாலும், பட்டையும் கூடவே நகர்ந்து அதை மூடி மறைத்துவிடும்.

அதே பட்டையை அளவுகோலாகப் பயன்படுத்தவும் முடியும். 1930களில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர், ஒரே சுருதியை இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்த அளவில் இரண்டும் சமமாகக் கேட்கின்றன என்று நோயாளியையே சொல்ல வைக்கும் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தார். இயர்போன்காரரின் புகாரை அப்படியே கேள்வியாக்கிய சோதனை அது. நரம்பு மின்னலைச் சோதனைகளும் எம்.ஆர்.ஐ.யும் வந்தபின் கிளினிக்குகளில் அது அருகிப்போய்விட்டது. ஒரு மோனோ பாட்டை, அதே போனில், அதே இயர்போனில், அதே அளவு சத்தத்தில் போட்டு, குரல் தலையின் நடுவுக்கு வரும்வரை பட்டையை நகர்த்தி அந்த இடத்தைத் தேதியோடு குறித்து வைக்கலாம். டெசிபல் கணக்கில் அது எவ்வளவு என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யும்போது பட்டை அதே இடத்தில் நின்றால் ஒரு சேதி, இன்னும் தள்ளிப்போயிருந்தால் வேறு சேதி. இரண்டாவது என்றால் அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு ஆடியோலஜிஸ்டிடம் போகலாம். 'ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது' என்று வெறுமனே சொல்வதைவிட அவருக்கு அது அதிகம் பயன்படும்.